தாமே தேடிய களைப்பு

வாழ்வில் துன்பம் தானாகவே வந்து சேர்கிறது. அவ்வாறிருக்க, அதைத் தேடி ஓடுவோரை நாம் எவ்வாறு புரிந்துகொள்வது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிற்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளும் 'காம்ரேட்ஸ்' ஓட்டம், முதல் உலகப் போரில் மடிந்த தோழர்களின் நினைவாக, விக் கிளாப்பம் என்னும் முன்னாள் படைவீரரால் 1921-இல் தொடங்கப்பெற்றது. அன்று புறப்பட்டவர் 34 பேர். முடித்தவர் 16 பேரே. இன்று ஆயிரக்கணக்கானோர் ஓடுகின்றனர். பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி முழங்கும். ஓரடியே எஞ்சியிருப்பினும், எல்லைக் கோட்டை எட்டாதவர்க்குப் பதக்கம் இல்லை.

வெல்வோர் ஒரு சிலரே. மற்றவரை ஈர்ப்பது யாது? தம் ஆற்றல் எங்கே முடிகிறது என்று காணும் வேட்கையே என்போம். அவ்வேட்கை செருக்காகவும் முடியலாம். கூலிக்குச் சுமை தூக்கிக் களைப்பவருக்குக் கைதட்டுவார் எவருமில்லை; நினைத்த இடத்தில் நிற்கவும் அவரால் இயலாது. ஓடுபவரோ விரும்பினால் நின்றுவிடலாம். ஆகவே, தேர்ந்துகொண்ட துன்பம் தன்னளவில் அறமாகாது.

எனினும், இறுதிக் கணங்களில் தளர்ந்து விழுந்தவருக்குத் தோள் கொடுத்து, தம் நேரத்தை இழப்போரும் அங்கு உண்டு. தம் கால்களின் நடுக்கமே பிறருடைய நடுக்கத்தை அவர்களுக்கு உணர்த்திவிட்டது. வருந்திப் பெறும் அறிவு இதுவே. இதைப் பெறாதவர் எவ்வளவு தொலைவு ஓடினும், புறப்பட்ட இடத்திலேயே நிற்கின்றார் அன்றோ?