கதிர்காமத்துக் கிழவரும் சின்னமலை எஸ்டேட்டும்

ஸ்ரீதர் இயக்கி 1964 பெப்ரவரி 27 அன்று வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ ஒரு பொய்யின் மேல் நிற்கும் கதை. சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதனுக்குப் பணக்கார மருமகன் வேண்டும். அவரால் வேலைநீக்கம் செய்யப்பட்ட அசோக், அவருடைய மகள் நிர்மலாவை விரும்புகிறான். கோடீசுவரர் சிதம்பரத்தின் ஒரே மகன் நான்தான் என்று முதலாளியிடம் அளந்துவிடுகிறான். அந்தச் சிதம்பரமாக வந்து நிற்க நண்பன் வாசுவைக் கூப்பிடுகிறான். கிழவர் வேடத்தில் வந்து சேரும் வாசுவுக்கோ, அந்த வீட்டின் இன்னொரு மகள் காஞ்சனாவே காதலி. பாலையா, ரவிச்சந்திரன், ராஜஸ்ரீ, முத்துராமன், காஞ்சனா, நாகேஷ், சச்சு என்று ஒரு பட்டாளமே சேர்ந்து நடத்திய இந்தக் கூத்தைத் தமிழர்கள் இன்றும் அலுக்காமல் பார்க்கிறார்கள். பார்க்கிற எவரும் அசோக்கைப் பொய்யன் என்று வெறுப்பதில்லை. ஏன் வெறுப்பதில்லை என்பது அறநூல்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

தொல்காப்பியம் களவை ஏற்ற நூல். ஊருக்குத் தெரியாமல் காதலர் சந்திக்கலாம், தலைவனுக்குப் பாங்கன் துணை நிற்கலாம், தலைவிக்குத் தோழி துணை நிற்கலாம். ஆனால் அதே நூலின் கற்பியல், பொய்யும் பிழையும் தலைகாட்டிய பிறகுதான் பெரியோர் மணச் சடங்குகளை வகுத்தார்கள் என்கிறது. மறைவைப் பொறுத்துக்கொண்ட மரபு, பொய்யைப் பொறுக்கவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். வாசு சங்க இலக்கியத்துப் பாங்கனின் வழிவந்தவன். நண்பனுக்காகத் தூது போவதோடு நில்லாமல் அவனுக்குத் தகப்பனாகவே ஆகிவிட்டவன். அவன் அணிந்த வேடம் மறைவில் சேருமா, பொய்யில் சேருமா என்பதில்தான் சிக்கல்.

படம் உருவான விதத்திலும் வேடங்களுக்குக் குறைவில்லை. ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று கண்ணீரால் பெயர் பெற்ற ஸ்ரீதர் நகைச்சுவைக்கு வந்ததே பலருக்கு வியப்பு. பள்ளிக்கூடக் காலத்து நண்பர் கோபு கூடவே இருந்து கதையை வளர்த்தார். கதாநாயகனாக அறிமுகமான ரவிச்சந்திரன் மலாயாவில் பிறந்து திருச்சிக்குப் படிக்க வந்த ராமன். காஞ்சனாவாக நடித்தவர் விமானப் பணிப்பெண்ணாக இருந்த வசுந்தரா தேவி. அந்தப் பாத்திரத்தின் பெயரே அவருடைய திரைப்பெயராக நிலைத்துவிட்டது. கதையில் மலைத்தோட்டமாக வரும் சின்னமலைக்குப் பெரும்பகுதி இடம் கொடுத்தது பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஆழியாறு அணைப் பகுதி. அதை ஈஸ்ட்மென் கலரில் பிடித்தவர் ஏ. வின்சென்ட். இத்தனையும் தெரிந்த பிறகும் படத்தின் சுவை குறையவில்லை. நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருக்கிறது. இருவருக்கும் தெரிந்த பொய் பொய்யாகாது.

நாகேஷ், விசுவநாதனாக நடிக்கும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் இது கண்கூடாகத் தெரியும். ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்ற பெயரில் படமெடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா, தகப்பனை உட்காரவைத்து ஒரு திகில் கதை சொல்கிறான். பேயும் கிடையாது, இருட்டும் கிடையாது. நாகேஷின் குரலும் கையும் ஒரு பக்கம், பாலையாவின் முகம் மறுபக்கம், அவ்வளவுதான். கதவு திறப்பதை நாகேஷ் வாயாலேயே ஓசையெழுப்பிக் காட்டுகிறார். பாலையாவின் கண்கள் உருள்கின்றன, உடம்பு ஒடுங்குகிறது. சொல்கிறவன் தன் உதவாக்கரை மகன், சொல்வது கட்டுக்கதை என்று அந்த மனிதருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் நடுங்குகிறார். தமிழ்த் திரையில் நடிப்பு என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த ஒரு காட்சியைக் காட்டினால் போதும். இதே பாலையா, சிதம்பரம் என்று வந்து நிற்கும் கிழவரை மட்டும் உண்மை என்று நம்புகிறார். அங்கே உடன்பாடு இல்லை; அவருக்குத் தெரியாமல் அவரை வைத்து நடத்தும் நாடகம் அது.

இலங்கையின் ஊவா மாகாணத்து மக்களுக்குக் காதலுக்காகக் கிழவர் வேடம் போடுவது புதிய செய்தியன்று. பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்கு இறங்கி, புத்தலையைக் கடந்து போனால் கதிர்காமம். அங்கே கோயில் கொண்ட முருகனே வள்ளியின் முன் கிழவனாக வந்தவன். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் வள்ளியம்மை திருமணப் படலம் இதை விரிவாகச் சொல்கிறது. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி ஓட்டும் வள்ளியிடம் முருகன் முதலில் வேடனாக வருகிறான். அவள் தகப்பன் நம்பி வந்ததும் வேங்கை மரமாகிறான். மறுபடி நம்பி வரும்போது தள்ளாடும் சிவனடியாராகிறான். வந்த காரியம் என்ன என்று நம்பி கேட்க, இந்த மலையிலுள்ள குமரியில் ஆட வந்தேன் என்கிறான் கிழவன். நம்பி அதைத் தீர்த்தம் என்று எடுத்துக்கொள்கிறான். சொன்னவன் மனத்தில் இருந்தது அவன் மகள். வாக்கில் பொய் இல்லை, கேட்டவன் மட்டும் ஏமாந்தான். பிறகு தேனும் தினைமாவும் உண்டு, நீர் குடித்து, தன் ஆசையைச் சொல்லி, அவள் சினந்து விலகியதும் அண்ணன் விநாயகனை நினைக்கிறான். யானை வருகிறது. அஞ்சிய வள்ளி கிழவனையே கட்டிக்கொள்கிறாள். இந்த நிகழ்ச்சிக்கு உரிய இடமாக உள்ளூர் மரபு காட்டுவது மாணிக்க கங்கைக் கரையிலுள்ள செல்லக்கதிர்காமம். அங்கே பிள்ளையாருக்குக் கோயில் இருக்கிறது.

தெய்வம் வேடம் போடலாமா என்பதற்குச் சைவ சித்தாந்தம் தயங்காமல் விடை சொல்லும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலில் மறைத்தலும் இறைவன் தொழிலே. உயிர் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை ஒளித்துக்கொள்கிறான். அந்த மறைப்புச் சக்தியை மலங்களோடு சேர்த்து எண்ணுவதும் உண்டு என்றாலும், அடிப்படையில் அது அருளே. வள்ளி முற்பிறப்பில் திருமாலின் மகள் சுந்தரவல்லியாக முருகனை வேண்டித் தவமிருந்தவள் என்று புராணம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆகவே கிழவன் புதிதாக எதையும் பறிக்க வரவில்லை. அவள் முன்பே கேட்டதைக் கொடுக்க வந்தான்.

இந்த விடை தெய்வத்துக்குப் பொருந்தும். மனிதர் அதைக் கடன் வாங்க முடியாது. மனிதக் கண்ணால் பார்த்தால் யானையை ஏவிப் பெற்ற அணைப்பு நெருடத்தான் செய்கிறது. அச்சத்தில் பற்றிய கை சம்மதம் தெரிவித்த கை அன்று. கந்தபுராணமும் கதையை அங்கே முடிக்கவில்லை. முருகன் தன் உண்மை வடிவத்தைக் காட்டுகிறான். வள்ளி அதைக் கண்ட பின்பே அவனை ஏற்கிறாள். வேடம் கலைந்த பிறகு கிடைத்த இசைவே அந்தத் திருமணத்துக்கு அடிப்படை. இந்த ஓர் இடத்தில் ஸ்ரீதரின் படம் இன்னும் தெளிவாக இருக்கிறது. நிர்மலா மனம் கொடுத்தது வேலையிழந்து நின்ற அசோக்குக்கு. காஞ்சனா விரும்பியது இளைஞன் வாசுவை. பொய் முழுவதும் தகப்பனுக்கு. அவரிடமும் அது பறித்தது பணத்தாசையை மட்டுமே. ஒருவருக்கும் தீங்கு செய்யாத சொல்லையே திருக்குறளின் வாய்மை அதிகாரம் வாய்மை என்கிறது. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் அந்த இடத்தில் நிற்கலாம் என்று அடுத்த படிக்கும் போகிறது. அசோக்கின் பொய் அந்த அளவுகோலுக்குள் அடங்கிவிடும்.

அடங்காத பொய் எது என்பதை ஊவாத் தோட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிக் கூட்டிவந்த கதை தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் சொல்லப்படுகிறது. அந்தப் பொய்யைச் சொன்னவனுக்கு இலாபம், நம்பியவனுக்குக் கடனும் காடும். அதை அவிழ்த்துக்காட்ட எவரும் முன்வரவில்லை. பாதிக்கப்பட்டவரே பட்டுத் தெரிந்துகொண்டார்.

படத்தில் அசோக் முதலாளியின் பங்களா வாசலில் கூடாரம் அடித்து வேலை கேட்பது சிரிக்க வைக்கிறது. பதுளைப் பக்கத்தில் பேர் வெட்டப்பட்டவருக்கு வேலையோடு லயக் காம்பிராவும் போய்விடும் என்பதால், அந்தச் சிரிப்பின் அடியில் கிடப்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். 1940இல் வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தாங்களே ஒரு சபையைத் தெரிந்தெடுத்து, தோட்ட நிருவாகியான துரை அதனுடன் கலந்தே தோட்டத்தை நடத்தச் சம்மதிக்க வைத்தார்கள். அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களையும் பறித்தார்கள். அந்த எதிர்ப்பில் வேடம் இல்லை. படம் வந்த அதே 1964இல், ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டு, 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தது. பங்கு போடப்பட்டவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் சம்மதத்துக்காகக் கடவுள் வேடத்தைக் கலைத்த மண்ணில் இது நடந்தது.

கதிர்காமத்தில் கருவறை திறப்பதில்லை. முருகனும் வள்ளியும் தெய்வயானையும் தீட்டப்பட்ட திரையே அடியவர் காண்பது. திரைக்குப் பின்னால் கப்புறாளை எனப்படும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். உள்ளே இருப்பதைக் காணாமலே தமிழரும் சிங்களவரும் கும்பிட்டுத் திரும்புகிறார்கள். ஏமாற்றப்பட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. காட்டாததைக் காட்டுவதாக அந்தக் கோயில் எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, அதனால் அந்த மறைவு நேர்மையானது. ஆடித் திருவிழாவின் இரவுகளில் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துவரும் பேழை யானை மீது ஏறுகிறது. ஊர்வலம் போய்ச் சேரும் இடம் வள்ளியம்மன் கோயில். முருகன்தான் அவளிடம் போகிறான்; வள்ளியை அழைத்துவரும் வழக்கம் கதிர்காமத்தில் இல்லை.