பொருள் வரைதலே இல்லத் தூய்மை

அறநெறிச் சாவகரே!

செட்டிநாட்டு ஆத்தங்குடியில், கண்ணாடியின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டுத் தளக்கற்களைக் கையாலேயே செய்கின்றனர். அக்கல் பதித்த கூடத்தைப் பெட்டியும் பானையும் அடைத்துக்கொண்டால் அதன் அழகு எவர் கண்ணிற் படும்? வினைகள் மூடிய உயிரின் இயல்பும் அத்தகையதே.

அந்நாட்டுப் பெருவீடுகளில் தலைமுறைதோறும் சேர்த்துவைத்த சீர்ப் பாத்திரங்களுள் பல, பின்னாளில் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்கு வந்துசேர்ந்தன. சேர்த்தவர் சென்றனர், பொருள் கைமாறிற்று.

நம் ஆகமம் புறப்பற்று 10, அகப்பற்று 14 எனப் பகுக்கும். கலமும் ஆடையும் புறத்தன. சினமும் செருக்கும் ஆசையும் அகத்தன. ‘எனது’ என்னும் மயக்கமே பற்று என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. ஆதலின், பரணைக் காலிசெய்து மறுதிங்களே புதியன வாங்கி நிரப்புவோர் வீட்டைத் துடைத்தவரே. விரதம் காத்தவர் ஆகார்.

போகியன்று பழையவற்றைத் தீயிலிடாதீர். பாயிலும் சாக்கிலும் சிற்றுயிர்கள் உறைகின்றன. மெல்ல உதறி, அவை விலக வழிவிட்டுப் பயன்படுவனவற்றை இல்லார்க்கு ஈக. பின்னர் இல்லத்தார் அனைவரும் கூடியமர்ந்து, ஆடை இத்துணை, கலம் இத்துணை என எல்லை வரைந்துகொள்க. அதுவே மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம். ஒருநாள் விட்டே ஆகவேண்டியவற்றை இன்றே மனமுவந்து விடுவோர்க்குப் பிரிவுத்துயர் இல்லை.

அறம் வளர்க!