பழுப்பு நிலக்கரிப் பாடமும் பயிற்சி ஆசிரியரும்

பன்மை நிறைந்த வகுப்பறைக்கு வருங்கால ஆசிரியரை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்னும் வினா இன்று கல்வியாளரிடையே அடிக்கடி எழுகின்றது. விடையாகப் பெரும்பாலும் கிடைப்பவை பல மாநில உடைகளும், பல நாட்டுக் கொடிகளும், ஒரு நாள் விழாவும். அவை இருக்கட்டும். எவரையும் வருத்தாத வேற்றுமையைப் போற்றுவது எளிது. வருத்துகின்ற வேற்றுமை வகுப்பில் வந்து அமரும்போது ஆசிரியர் என் செய்வார்?

எங்கள் நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். நிறுவனம் தோன்றியது 1956இல். சோவியத் நாட்டின் துணையுடன் அமைந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. மண் வாரும் மாபெரும் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. பல மாநிலக் குடும்பங்கள் நகரியத்தின் வட்டங்களில் குடியேறின. ஆகவே, 'உலகம்' என்பது இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் புதுச்சொல் அன்று. ஆயினும் அந்நிலத்தில் முன்னரே ஊர்கள் இருந்தன. அவற்றை விட்டு அகன்றோரின் வழித்தோன்றல்களும் இங்குப் படிக்கின்றனர். நிலம் எடுக்கும் பணி இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காகப் பயிர் நின்ற நெல்வயல்களில் இயந்திரங்கள் இறங்கியதை நாடே கண்டது.

இப்போது ஒரு பயிற்சி ஆசிரியர் கனிம வளப் பாடம் நடத்த வருகிறார் எனக் கொள்வோம். 'பழுப்பு நிலக்கரியின் பயன்களை மாணவர் கூறுவர்' என்பது அவர் பாடக்குறிப்பின் நோக்கம். ஒரு சிறுமி எழுந்து, "எங்கள் வயல் போனதும் பயனில் சேருமா, அம்மா?" என்று கேட்கிறாள். பக்கத்து இருக்கையில் இருப்பவன் தந்தையோ இரவுப்பணி முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருப்பார். அவர் உழைப்பால் எத்தனையோ ஊர்களில் விளக்கு எரிகின்றது. சிறுமியை அமரச் சொன்னால் அவள் இனிக் கேட்கமாட்டாள். அவளோடு சேர்ந்து நிறுவனத்தைச் சாடினாலோ அச்சிறுவன் தலைகுனிவான்.

அனேகாந்தம் பயின்ற நம் குடும்பங்களில் யானையைத் தடவிய பார்வையற்றோர் கதையை அறியாதார் இல்லை. அதை மீண்டும் சொல்லப்போவதில்லை. ஆனால் அக்கதையில் யானை முழுவதையும் காணும் ஒருவனும் நிற்கிறான். ஆசிரியர் தம்மை அவனாக எண்ணிக்கொள்வதே பெரும் இடர். அவரும் ஒரு பக்கத்தைத் தடவி நிற்பவரே. வயலை இழந்த வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிகின்றது என்பதை அச்சிறுமியே அவருக்குச் சொல்ல முடியும்.

எனில் எவர் சொல்வதும் சரியா? அன்று. ஒரு ஹெக்டேர் என்பது இரு பிள்ளைகளுக்கும் 10,000 சதுர மீட்டரே. எடுத்த நிலம் எவ்வளவு, கொடுத்த ஈடு எவ்வளவு என்பன கணக்கிட்டு அறியத்தக்கவை. எந்த நோக்கில், எந்த அளவில் ஒரு கூற்று மெய் என்று கேட்பதே ஸ்யாத்வாதம். நழுவுவதற்கு அது கருவியன்று.

குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைக் கூற உதவவேண்டும் என 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டமே பகர்கின்றது. ஆயினும் பயிற்சி வகுப்பை மதிப்பிடுவோரிற் சிலர் அமைதியாக இருக்கும் வகுப்பையே நல்ல வகுப்பு என்கின்றனர். இஃது எனக்கு உடன்பாடில்லை. கல்வியியல் பட்டப் படிப்பு 2015இல் ஈராண்டாக நீண்டது. அக்காலத்துள் ஒரே பாடத்திற்கு இரு பாடக்குறிப்புகள் எழுதச் செய்யலாம்: ஒன்று அச்சிறுமியின் இருக்கையிலிருந்து, மற்றொன்று அச்சிறுவனின் இருக்கையிலிருந்து. எழுதுமுன் இரு வீட்டுத் திண்ணையிலும் ஒரு பொழுதேனும் அமர்ந்து வரவேண்டும்.