மௌனமும் மலர்வளையமும்

அந்நிய மண்ணில் போர்வீரன் மாண்டால், அவனை அனுப்பிய அரசு அஞ்சுவது அச்சாவுக்கன்று. அது எழுப்பும் கேள்விக்கே. ‘எதற்காக அனுப்பினீர்?’ என்னும் குரலை அடக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, மறைத்தல்: போரில் மாண்டோரின் சவப்பெட்டிகள் டோவர் விமானத் தளத்தில் வந்திறங்குவதைப் பத்திரிகைகள் படம் பிடிக்க அமெரிக்க அரசு 1991 முதல் 2009 வரை தடை விதித்திருந்தது. மற்றொன்று, போற்றுதல்.

1987இல் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையினருள் ஏறத்தாழ 1,200 பேர் இங்கு மாண்டனர். 1990 மார்ச்சில் எஞ்சியோர் சென்னையில் இறங்கியபோது, தமிழரைக் கொன்ற படையென்று கூறி, முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. 2008இல் கோட்டேயில் நினைவுச்சின்னம் எழுந்தது. இந்தியத் தலைவர்கள் அங்கு மலர்வளையம் வைக்கின்றனர். கல்லில் மாண்டோரின் பெயர்கள் உள. அனுப்பியோரின் பொறுப்பு அதில் இல்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலையில் அப்படையால் கொல்லப்பட்ட நோயாளரும் மருத்துவரும் தாதியரும் இல்லை.

நம் ஊவாத் தோட்டங்களின் பெரட்டுக் களத்தில் ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால், ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்பர். கூலிக் கணக்குக்காகக் கேட்கப்படும் அக்கேள்வியை உயிர்க் கணக்குக்காக நாம் கேட்கலாகாதா? மாண்டவனுக்கு மரியாதை செய்தல் அறமே; அம்மரியாதையைக் கொண்டு கேள்வியை மூடுதல் அறமன்று.