காரணம் கேட்காத அன்பு

பைபிளில் வரும் யோபுவின் நண்பர்கள் மூவரும் கெட்டவர்கள் அல்லர். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் அவனுக்கு நேர்ந்த துன்பத்தைக் கேள்விப்பட்டதும் ஊரிலிருந்து கிளம்பி வந்தார்கள். தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டு ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படியே எழுந்து போயிருந்தால் நட்புக்கே இலக்கணம் என்று பெயர் வாங்கியிருப்பார்கள். யோபு வாய்விட்டுப் புலம்பியதும் அவர்களால் பொறுக்க முடியவில்லை. கடவுள் காரணமில்லாமல் அடிப்பாரா, ஏதோ பாவம் இருக்கிறது, ஒப்புக்கொள் என்று மாறி மாறிப் பிடித்துக்கொண்டார்கள்.

இது கொடுமையால் வந்த பேச்சு அல்ல, பயத்தால் வந்தது. யோபு குற்றமற்றவன் என்றால், நாளைக்கு அதே இடி தங்கள் வீட்டிலும் விழலாம். அவன் தப்பு செய்தான் என்று நிரூபித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். படுத்த படுக்கையாகக் கிடப்பவரிடம் போய், "விசுவாசம் போதவில்லை" என்று சொல்லிவிட்டு வருகிறவர்களின் கணக்கும் இதுதான். கடவுளுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு தங்களுக்காக வாதாடுகிறார்கள்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், யார் செய்த பாவம் என்று இயேசுவிடம் கேட்டதும் இதே கேள்விதான். இவனுமல்ல, பெற்றோருமல்ல என்று சொல்லி அவர் அதைத் தள்ளிவிட்டார்.

ஹவாயில் இந்தக் கேள்வி ஒரு மனிதரின் சாவுக்குப் பிறகும் அவரை விடவில்லை. 1865-இல் வந்த சட்டப்படி, அங்கே தொழுநோய் கண்டவர்களை மொலோக்காய் தீவின் ஒரு தீபகற்பத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான மலை. 1873 மே மாதம் பெல்ஜியத்துக் குரு தமியான் அங்கே போய்ச் சேர்ந்தார். வயது 33. புண்களின் நாற்றம் தாங்காமல் சுங்கான் புகைத்துக்கொண்டே மருந்து கட்டினார். சவப்பெட்டியும் அவரே செய்தார், குழியும் அவரே தோண்டினார். அவர் பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லை. வந்த கப்பலிலிருந்து மேலதிகாரியான குருவைக் கரையிறங்க விடாததால், தமியான் படகில் போய், கீழிருந்தபடி தம் பாவங்களை உரக்கக் கூவிச் சொல்லியிருக்கிறார். பின்னொரு நாள் கொதிநீர் காலில் பட்டும் சுடவில்லை. நோய் தமக்கும் வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. 1889 ஏப்ரல் 15-இல் இறக்கும்வரை வேலையை நிறுத்தவில்லை.

நோர்வேயின் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டது, தமியான் தீவுக்குப் போன அதே 1873-இல். ஆனால் அந்த நோயை ஒழுக்கக்கேட்டோடு முடிச்சுப் போடும் எண்ணம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. தமியான் இறந்த சில மாதங்களில் ஹோனலுலுவின் போதகர் ஹைடு இன்னொரு போதகருக்குக் கடிதம் எழுதினார்: அந்த ஆள் அழுக்கானவர், பிடிவாதக்காரர், நோய் வந்ததும் தம் ஒழுக்கக்கேட்டால். கடிதம் அச்சேறிவிட்டது. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் அப்போதுதான் அந்தத் தீவுக்குப் போய்வந்திருந்தார். 1890-இல் ஹைடுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி அவரைக் கிழித்துப் போட்டார்.

அந்தப் பதிலில் தமியானின் குறைகளை ஸ்டீவன்சன் மறைக்கவில்லை. முரட்டுத்தனம், அதிகாரப் போக்கு, சுத்தக்குறைவு என்று அங்கே கேட்டதையெல்லாம் எழுதினார். இத்தனையும் இருந்தும் அந்த மனிதர் அங்கே போனார், நீங்கள் போகவில்லை என்றார். தீர்ப்பிடாதிருப்பதற்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தேவையில்லை என்பதற்கு இது சாட்சி. ஆனால் தமியானுக்காக எழுதிய அதே பேனா ஹைடைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதும் உண்மை. அளவுக்கு மீறிக் கடுமையாக எழுதிவிட்டதாகப் பிற்பாடு ஸ்டீவன்சனே வருந்தினார்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். "தீர்ப்பிடாதே", "கர்த்தரை நம்பிப் பொறுத்துக்கொள்" என்னும் இரண்டு வாக்கியங்களையும் அநியாயத்துக்குக் காவல் நிற்க அழைப்பவர்கள் உண்டு. கணவனிடம் அடிவாங்குகிற பெண்ணிடம் அவற்றைச் சொல்கிற சபை, அவள்மேல் இன்னொரு அடி போடுகிறது. நம்பிக்கையோடு தாங்குவது தாங்குகிறவரின் சொந்த முடிவு. அதை வெளியிலிருந்து யாரும் கேட்டு வாங்க முடியாது. அடித்த கையைப் பிடித்து நிறுத்துவதோ, போலீசுக்குப் போவதோ தீர்ப்பிடுவதாகாது. அடிவாங்கியவளிடம் குற்றம் தேடுவதுதான் தீர்ப்பிடுவது.

யோபு பொறுமைசாலி என்று பிரசங்கத்தில் சொல்கிறோமே, அவன் கடவுளிடம் போட்ட சண்டையைப் படித்தவர்கள் அப்படிச் சுலபமாகச் சொல்லமாட்டார்கள். கேட்டான், கத்தினான், வழக்காடினான். ஆனால் வேறு எங்கும் போகவில்லை. கடவுளை நம்புவது என்பது இதுதான்: காரணம் தெரியாமலும் அவரோடு பேச்சை முறித்துக்கொள்ளாதிருப்பது. தனக்கு வந்த துன்பத்துக்கே விளக்கம் இல்லாமல் வாழப் பழகியவருக்கு, பக்கத்து வீட்டுத் துன்பத்துக்கு விளக்கம் தேடும் அவசரம் வராது.

கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது யோபுவை அல்ல, அவருக்காக வாதாடிய மூவரைத்தான். யோபு உங்களுக்காக ஜெபிக்கட்டும் என்று அவர்களை அவனிடமே அனுப்பினார். ஆகவே ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் விசாரணையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகட்டும். ராத்திரி துணைக்கு யார் இருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று முதலில் கேட்கட்டும்.