யார் கேட்டால் என்ன?

ராஜபாளையத்தில் ஒரு கச்சேரி. மண்டபம் நிறைந்திருந்தது, ஆனால் எல்லாரும் என்னைப் போன்றவர்களே. வாசலில் மில் தொழிலாளி ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி ஆலாபனை முடியும் வரை நின்றார். உள்ளே கூப்பிட்டேன். "இருக்கட்டும் சார்" என்று போய்விட்டார்.

"யார் கேட்டால் என்ன? ராகம் மாறிவிடுமா?" என்றார் நண்பர்.

மாறாதுதான். 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைவதற்கு முன்பும் நாகஸ்வர ஓசை மதிலைத் தாண்டித்தான் போயிற்று. ஓசைக்குத் தீட்டுத் தெரியாது. நாற்காலிக்குத் தெரியும் போலிருக்கிறது! இன்று யாரும் யாரையும் தடுப்பதில்லை என்கிறோம். தடுக்காமலே ஒருவர் வாசலில் நின்றுவிடுகிறாரே, அது எப்படி?

2015-ல் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் நடுவே, விழா தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் நம் பாட்டை அங்கே கொண்டுபோனால் மட்டும் போதுமா? அவர்கள் பாட்டுக்கு நாமும் தரையில் உட்கார வேண்டாமா?

சில நாள் கழித்து, பஞ்சு மார்க்கெட் பக்கம் அந்தத் தொழிலாளியைப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு வருஷம் தவறாமல் போவாராம், நாகஸ்வரத்துக்காகவே போவாராம்.

"அன்னைக்குப் பாடினது பைரவிதானே, சார்?" என்றார்.

நண்பர் முகாரி என்று சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன்.