ஊர் திரும்பவும் ஒரு நாள்



மைசூர் தசரா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது விஜயதசமி ஊர்வலம். அரண்மனையில் புறப்பட்டு, சயாஜிராவ் சாலை வழியாகப் பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோமீட்டர் செல்லும் ஜம்பூ சவாரி. ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரி, அதில் வீற்றிருக்கும் சாமுண்டீஸ்வரி அம்மன். அத்தனையையும் முதுகில் தாங்கி, பெருங்கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே நிதானமாக நடந்துவரும் ஒரு யானை. ஆயுத பூஜையை ஒட்டி விடுமுறை கிடைத்தால் சேலம், ஈரோடு, கோவை என்று நம் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மைசூருக்குக் கிளம்புவது இந்தக் காட்சிக்காகத்தான்.

ஊர்வலம் முடிந்ததும் நம்மில் பலர் அன்றிரவே ரயிலையோ பேருந்தையோ பிடித்துவிடுகிறோம். அதனால் அதற்கு அடுத்து அங்கே நடப்பது நம் கண்ணில் படுவதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தசரா யானைகளுக்கு மைசூர் சொந்த ஊர் இல்லை. மத்திகோடு, துபாரே, பள்ளே, ராமாபுரம் என்று நாகரஹொளே, பந்திப்பூர், குடகுப் பகுதிக் காடுகளில் உள்ள முகாம்களிலிருந்து அவை வருகின்றன. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் 14 யானைகள். ஆகஸ்ட் மாதமே முதல் அணி கிளம்பிவிடும். ஹுன்சூர் அருகே வீரனஹொசஹள்ளியில் பூஜை செய்து, மேளதாளத்தோடு அழைத்து வருகிறார்கள். முன்பெல்லாம் அங்கிருந்து மைசூர் வரை நடந்தே வந்தன. இப்போது சிறிது தூரம் சடங்குக்காக நடக்கவைத்துவிட்டு லாரியில் ஏற்றுகிறார்கள்.

அதன்பின் அரண்மனை வளாகத்தில் இரண்டு மாத வாசம். அது சும்மா இருக்கும் வாசம் அல்ல. தினமும் ஊர்வலப் பாதையில் நடைப்பயிற்சி. முதுகில் மணல் மூட்டைகளை ஏற்றி, நாளுக்கு நாள் பாரத்தைக் கூட்டி, பிறகு மர அம்பாரியை வைத்துப் பழக்குகிறார்கள். பீரங்கி வெடிச் சத்தத்துக்கு மிரளாமல் இருக்கவும் தனிப் பயிற்சி உண்டு. பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் தனியாக வருவதில்லை. மனைவி மக்களோடு வந்து அரண்மனை வளாகத்திலேயே கொட்டகைகளில் குடியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாது என்று அங்கேயே தற்காலிகப் பள்ளிக்கூடமும் நடக்கிறது.

விஜயதசமி முடிகிறது. அம்பாரி இறங்குகிறது. யானைகளை உடனே லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்களா? இல்லை. ஒரு நாளாவது ஓய்வு கொடுக்கிறார்கள். அன்று பயிற்சி கிடையாது, ஊர்வலம் கிடையாது. குளியல் உண்டு, சாப்பாடு உண்டு, நிற்க நிழல் உண்டு. பிறகு புறப்படும் நாளன்று யானைகளை அரண்மனை முற்றத்தில் நிறுத்தி, பூஜை செய்து, பழமும் வெல்லமும் கரும்பும் ஊட்டுகிறார்கள். பாகன்களுக்கும் காவடிகளுக்கும் அன்பளிப்புத் தொகை கொடுத்து மரியாதை செய்கிறார்கள். ஊர் மக்கள் வந்து நின்று பார்க்கிறார்கள். பாய் படுக்கை, பாத்திரம் பண்டம், பிள்ளைகள் என்று ஒவ்வொரு குடும்பமும் வண்டி ஏறுகிறது. எந்தப் பூஜையோடு அழைத்து வந்தார்களோ, அதே பூஜையோடுதான் அனுப்பிவைக்கிறார்கள்.

இது என் மனதைத் தொட்ட வழக்கம். வேலை முடிந்தது, இனி யானை எதற்கு என்று அந்த ஊர் நினைக்கவில்லை. திரும்பிப் போவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குகிறது.

நாம் நம் விடுமுறையின் கடைசி நாளை எப்படிச் செலவழிக்கிறோம்? விடியற்காலையில் சாமுண்டி மலை. பதினோரு மணிக்கு மிருகக்காட்சிசாலை. சாப்பிட்டும் சாப்பிடாமலும் தேவராஜா மார்க்கெட். மல்லிகைப்பூ, நஞ்சன்கூடு ரசவாழை, சந்தன சோப்பு, மைசூர்பாகு, பட்டுப்புடவைக் கடை. மாலையில் பிருந்தாவனப் பூங்கா. அங்கிருந்து வியர்க்க விறுவிறுக்க ரயில் நிலையம். பணம் கொடுத்து வந்திருக்கிறோம், ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்ற தவிப்பு. மறுநாள் காலை ஊரில் இறங்கி, ஒன்பது மணிக்கு அலுவலகம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

வீட்டில் என்ன காத்திருக்கிறது? பால் இல்லை, இட்லிமாவு இல்லை. அழுக்குத்துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. இரவெல்லாம் ரயிலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கண் விழித்த அம்மாதான் வந்த காலோடு அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு விடுமுறை ரயிலைவிட்டு இறங்கும்போது முடிகிறது. அவருக்கோ முதல்நாள் மூட்டை கட்டத் தொடங்கும்போதே முடிந்துவிடுகிறது. இதை நாம் யோசிப்பதே இல்லை.

காரில் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். மைசூரிலிருந்து ஊட்டிக்கும் கூடலூருக்கும் வரும் சாலை பந்திப்பூர் காட்டுக்குள் போகிறது. வண்டிகளில் அடிபட்டு வனவிலங்குகள் சாவதைத் தடுக்க, 2009 முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சாதாரண வண்டிகளுக்கு வழி இல்லை. கடைசிக் கடை, கடைசிப் புகைப்படம் என்று மைசூரில் பொழுதைப் போக்கிவிட்டு, கேட் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று இருட்டில் காட்டுக்குள் வண்டியை விரட்டுகிறவர்கள் உண்டு. அது அவர்களுக்கும் ஆபத்து, சாலையைக் கடக்கும் யானைக்கும் மானுக்கும் ஆபத்து. அம்பாரி யானையைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அதே இனத்தின் வீட்டுக்குள் அப்படிப் பாய்ந்து போவது முறையல்ல.

தசரா முடிந்து முகாம்களுக்குத் திரும்பும் யானைகளுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்குள் புகும் காட்டு யானைகளைப் பிடிக்கவும், ஆட்கொல்லிப் புலிகளைத் தேடவும் வனத்துறை அழைத்துப்போவது இதே யானைகளைத்தான். அர்ஜுனன் என்ற யானையை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தங்க அம்பாரியைச் சுமந்தவன். அறுபது வயதைத் தாண்டிய யானைமேல் அம்பாரியை ஏற்றுவதில்லை என்பதால், 2020 முதல் அந்தப் பொறுப்பு அபிமன்யுவுக்குப் போனது. அதன் பிறகும் அர்ஜுனன் தசராவுக்கு வந்தான். 2023 அக்டோபர் 24 விஜயதசமி. அது முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 4 அன்று ஹாசன் மாவட்டம் சக்லேஷ்பூர் வட்டாரக் காட்டில், காட்டு யானையைப் பிடிக்கும் பணியின்போது, மதம்கொண்ட ஒரு யானை தாக்கி அர்ஜுனன் இறந்துபோனான். மைசூரே கண்ணீர் விட்டது.

அந்த அக்டோபரில் மைசூர் அவனுக்குச் செய்த வழியனுப்புதான் கடைசி வழியனுப்பு. அப்போது யாருக்கும் அது தெரியாது. ஆனாலும் வெல்லமும் பழமும் கொடுத்து, தடவிக்கொடுத்து, முறையாக அனுப்பிவைத்தார்கள். அந்த ஊருக்கு இன்று அந்த ஆறுதலாவது மிஞ்சியிருக்கிறது.

நாம் எப்படி விடைபெறுகிறோம்? விடுமுறைக்கு நாம் பெரும்பாலும் யார் வீட்டுக்காவது போகிறோம். அத்தை வீடு, பெரியப்பா வீடு, தாத்தா பாட்டி வீடு. கடைசி நாளில் அவர்களோடு உட்கார நமக்கு நேரம் இருப்பதில்லை. பெட்டி கட்டுவதும், சார்ஜர் தேடுவதும், ஆட்டோ பிடிப்பதுமாக அந்த நாள் போய்விடுகிறது. வாசல்வரை வந்து நிற்கும் பாட்டியின் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்வதற்குள் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். விடுதியில் தங்கினாலும், நாள் தவறாமல் அறையைப் பெருக்கிய அம்மாவுக்கும், மலைமேல் பத்திரமாக ஏற்றி இறக்கிய ஓட்டுநருக்கும் நன்றி சொல்ல ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. நாம் சுற்றிப் பார்க்கப் போகும் ஊர் அவர்களுக்கு வேலை செய்யும் ஊர். அவர்கள் உழைப்பால்தான் நம் விடுமுறை இனிமையாகிறது.

நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் மூன்று நாள் ஊர் சுற்றுவோம். நான்காவது நாளைத் திரும்புவதற்கே வைத்துக்கொள்வோம். கூடுதலாக ஒரு நாள் விடுப்புக் கிடைக்காதே என்று சிலர் சொல்லலாம். உண்மைதான், தினக்கூலிக்காரருக்கும் தனியார் நிறுவன ஊழியருக்கும் விடுப்பு எளிதில் கிடைக்காது. ஆனால் நான் கூடுதல் நாள் கேட்கவில்லை. பார்க்கும் இடங்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். பிருந்தாவனப் பூங்கா அடுத்த முறையும் அங்கேதான் இருக்கும்.

அப்படித் திரும்பினால் பயணமும் விடுமுறையின் பங்காகிவிடும். மைசூரிலிருந்து மயிலாடுதுறை வழியாக வரும் ரயிலில் ஏறிப் பாருங்கள். புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடக்கிறது. அதற்குப்பின் ரயில் பெங்களூர் பக்கம் திரும்ப, ஆறு சிவசமுத்திரம், ஒகேனக்கல் என்று தன் வழியில் போகிறது. இரவில் ஈரோட்டுக்குப் பக்கத்தில் இரண்டும் மறுபடி சந்திக்கின்றன. காவிரியும் நம்மைப்போல் ஊர் திரும்புகிற பயணிதான். கிருஷ்ணராஜ சாகரில் தங்கி, மேட்டூரில் தங்கி, நிதானமாகத் தஞ்சைக்கு வந்து சேர்கிறாள். அவசரமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாம், சொல்லிக்கொடுக்கலாம்.

வீடு வந்து சேர்ந்த அன்று வேலையையும் பகிர்ந்துகொள்வோம். ஒருவர் பால் வாங்கட்டும், ஒருவர் துணி துவைக்கட்டும், பிள்ளைகள் பெட்டியைப் பிரித்து அடுக்கட்டும். அன்று எல்லோரும் சேர்ந்து நேரத்தோடு தூங்கினால், மறுநாள் வகுப்புக்குப் போகும் பிள்ளையும் வேலைக்குப் போகும் பெரியவரும் தெளிவாக இருப்பார்கள். களைத்துப்போய் வேலைக்குத் திரும்புவதற்காக நாம் விடுமுறை எடுக்கவில்லை.

இதோ அடுத்த விடுமுறைக்குத் தேதி பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள். டிக்கெட் எடுக்கும்போது, போகும் நாளைக் குறிப்பதற்கு முன்னால் திரும்பும் நாளைக் குறியுங்கள். அந்த நாளில் வேறு எந்த இடத்தையும் எழுதாதீர்கள். உங்களை வரவேற்ற மனிதர்களுக்காகவும், உங்களுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்காகவும் அதை முழுசாக விட்டுவையுங்கள்.